டாப் டி-க்காக நான் கொடுத்த விலை: ஒரு ட்யூபாக்காரியின் அனுபவம்

டாப் சி என்பது என் வாத்தியத்தின் உச்சிப் பக்கத்து சி ஸ்வரம். அதற்கு மேலே ஒரே ஒரு ஸ்வரம், டாப் டி. அதைப் பிடிக்கப் போய் 1,100 பவுண்டுக்கு மேல் கைவிட்டுப் போனது. கூடவே ஒரு வசந்தமும் பாதிக் கோடையும் போயிற்று. மேலுதட்டின் உள்பக்கத்தை நாக்கால் தடவினால் இன்றைக்கும் ஒரு சின்னத் தழும்பு தட்டுப்படும். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி இல்லாத மாலைகளில் ஊர் பிராஸ் பேண்டில் ஈ-ஃப்ளாட் பேஸ் ஊதுகிறேன். பித்தளை வாத்தியங்களிலேயே பெரியதான, அடிக்குரல் ஊதுகிற ட்யூபாவை இங்கே பேண்டுக்காரர்கள் பேஸ் என்றுதான் சொல்வார்கள். ‘இன்னும் கொஞ்சம் முக்கி ஊது, வந்துடும்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். வீட்டில் எல்லோரும் இரட்சணிய சேனை, பேண்டு வைத்துப் பாடுகிற கிறிஸ்தவ சபை. அப்பா பேண்டில் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு சின்ன வாத்தியம்), நான் பள்ளிக்கூட வயதில் டெனர் ஹார்ன் (அதைவிடக் கொஞ்சம் பெரியது). பிராஸ் பேண்டில் ஒரு பெரிய வசதி உண்டு. கார்னெட்டிலிருந்து பேஸ் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ட்ரெபிள் கிளெஃப் என்ற ஒரே குறியீட்டு முறையில்தான் நோட்டு எழுதுவார்கள், விரல்களும் ஒன்றேதான். அதனால் இங்கே வந்து பேண்டில் சேர்ந்தபோது, ‘ஹார்ன் சீட் காலி இல்லை, ஈ-ஃப்ளாட் பேஸ் காலியாக இருக்கிறது’ என்றார்கள். அன்றைக்கே மடியில் தூக்கி வைத்து ஊத ஆரம்பித்துவிட்டேன். விரல் பழகின விரல், நோட்டு பழகின நோட்டு. உதடுதான் பழகாத உதடு. டெனர் ஹார்னில் உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸ் சின்னது. ட்யூபா மவுத்பீஸின் உள்வாய் 32 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அத்தனை சதையையும் அதிர வைக்க வேண்டும், அடக்கவும் வேண்டும். கீழ் ஸ்வரங்களில் இந்த வித்தியாசம் சுகமாக இருந்தது. மேலே போனால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் பேஸுக்கு யாரும் மேலே எழுதுவதில்லை.

எழுதியவர் எங்கள் பேண்டை நடத்துகிற கண்டக்டர். வசந்தகாலக் கச்சேரிக்கு ஒரு பழைய ஹிம் (கிறிஸ்தவப் பாடல்) மெட்டை எடுத்து, பேஸ் சோலோவாக வேரியேஷன் செய்து கொண்டுவந்தார். நல்ல மனிதர், எனக்குப் பெருமை சேர்க்கத்தான் செய்தார். மெட்டு அழகு, நடுப்பகுதி விரலுக்கு வேலை. கடைசிப் பக்கத்தில் டாப் டி, அதுவும் நான்கு எண்ணிக்கை நீட்டிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, உதடு புத்துணர்ச்சியாக இருக்கும்போது அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் ஊதிப் பார்த்தேன். வந்தது! கொஞ்சம் மெலிவாக, ஆனால் வந்தது. மறுநாளே ஊதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாய் இருக்கிற உதட்டில், தனியாக, ஒரு தடவை வருகிற ஸ்வரத்துக்கு மேடையில் மதிப்பில்லை. ஒன்றரை மணி நேர ரிகர்சல் முடிந்து, நாற்காலிகளை மடக்கி வைக்கிற நேரத்தில் அதே ஸ்வரத்தை ஊதிப் பாருங்கள். அப்போது எது வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நான் அப்படிப் பார்த்திருந்தால் என் எல்லை பி-ஃப்ளாட்டோடு நின்றிருக்கும்.

ஏன் அந்த இடம் இவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஈ-ஃப்ளாட் ட்யூபாவின் குழாய் சுமார் 13 அடி. வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால், நாம் எழுதிப் படிக்கிற கணக்கில் கீழ் சி, ஜி, நடு சி, ஈ, ஜி, பி-ஃப்ளாட், டாப் சி, டி, ஈ என்று ஸ்வரங்கள் வரிசையாக நிற்கும். ஏணியில் கீழ்ப்படிகள் அகன்றும் மேற்படிகள் நெருங்கியும் இருந்தால் எப்படியோ, அப்படி. கீழே ஒரு படி தவறினால் அடுத்தது ஐந்து ஸ்வரம் தள்ளி இருக்கும். உதடு தானாகச் சரியான படியில் உட்கார்ந்துவிடும். கீழ் சி-க்கும் அடியில் இருக்கிற பெடல் ஸ்வரத்தை முதல் படியாக எண்ணினால் டாப் சி எட்டாவது படி, டி ஒன்பதாவது, ஈ பத்தாவது. மூன்றுக்கும் விரல் ஒன்றே, அதாவது விரலே வேண்டாம். டி-யைக் குறிவைத்து ஊதினால் சி-யில் விழலாம், ஈ-யில் ஏறலாம், இரண்டுக்கும் நடுவே கரகரக்கலாம். கை ஒன்றும் உதவாது. காதும் உதடும்தான் தீர்மானிக்க வேண்டும். ஊதுவதற்கு முன்பே அந்த ஸ்வரத்தை மனசுக்குள் பாட முடியாதவர்களுக்கு அது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. கீழ் சி என்று எழுதுவது நிஜத்தில் ஒலிப்பது நொடிக்கு ஏறக்குறைய 78 அதிர்வு. டாப் டி ஒலிப்பது 349. அவ்வளவு வேகமாக உதடு அதிர வேண்டும் என்பது ஒருபக்கம். மறுபக்கம், குழாய் நமக்குக் கைகொடுப்பதே ஒலி அலை பெல்லில் (குழாயின் அகன்ற வாயில்) மோதித் திரும்பி வந்து உதட்டை அடுத்த அதிர்வுக்குத் தள்ளிவிடுவதால்தான். ட்யூபாவின் அகன்ற வாயில், சுருதி ஏற ஏற அலை திரும்பி வராமல் வெளியே ஓடிவிடுகிறது. அதனால்தான் மேலே போகப் போக வாத்தியம் வழுக்குகிற மாதிரி இருக்கும். 1835-ல் பெர்லினில் ராணுவ பேண்டு நடத்திய வீப்ரெஷ்ட்டும் வாத்தியம் செய்கிற மோரிட்ஸும் பேஸ் ட்யூபாவுக்குக் காப்புரிமை வாங்கியது ராணுவ பேண்டுகளுக்குக் கீழே ஒரு உறுதியான அடித்தளம் வேண்டும் என்றுதான். மாடியில் குடியிருக்கச் செய்த வாத்தியம் அல்ல இது.

இதையெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை. ஆன்லைனில் ஒரு வாத்தியார் கிடைத்தார், மணிக்கு 35 பவுண்ட். அவர் பேர் வேண்டாம். ட்ரம்பெட்காரர் அவர். வயிற்றை இறுக்கு, காற்றை அழுத்து, மவுத்பீஸை நன்றாகப் பதி, தினமும் மேல் ஸ்வரங்களை இருபது நிமிஷம் நீட்டிப் பிடி, உதட்டில் எரிச்சல் வந்தால் தசை வளர்கிறது என்று அர்த்தம் என்றார். நானும் நைட் டியூட்டி முடித்து வந்த காலைகளில்கூட அதைச் செய்தேன். ஒரு நாள் டி-யைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கும்போது காதுக்குள் குய்யென்று சத்தம், கண் ஓரத்தில் இருட்டு. வாத்தியத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்டில் மலச்சிக்கல்காரர்களிடம் மூச்சை அடக்கி முக்காதீர்கள் என்று நாள்தோறும் சொல்கிறவள் நான். தொண்டையை அடைத்துக்கொண்டு முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறையும், மயக்கம் வரும். ட்யூபாவிலும் அதேதான் நடக்கிறது. ஊதும்போது கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்தால் நிறுத்திவிடுங்கள். பிரஷர், கண் அழுத்த நோய் இருப்பவர்கள் மேல் ஸ்வரங்களைப் பழகுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊதுகிறபோது கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும்.

அடுத்தது மவுத்பீஸ். கோப்பை ஆழம் குறைந்தால் மேலே சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாங்கினேன், ஒவ்வொன்றும் 70 பவுண்ட் பக்கம். மூன்றாவதில் டி பளிச்சென்று வந்தது. ரிகர்சலில் சந்தோஷமாக உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் யூஃபோனியம்காரர் (ட்யூபாவின் தம்பி மாதிரியான சின்ன வாத்தியம் ஊதுகிறவர்) திரும்பிப் பார்த்தார், பிறகு கண்டக்டர் பார்த்தார். மேலே கிடைத்த ஒரு ஸ்வரத்துக்காகக் கீழே இருந்த கனமெல்லாம் போய், சுருதியும் ஆக்டேவுக்கு ஆக்டேவ் (ஸ்தாயிக்கு ஸ்தாயி) விலகிக்கொண்டிருந்தது. பேண்டில் பேஸுக்குச் சம்பளமே (சம்பளம் கிடையாது, ஒரு பேச்சுக்கு) அந்தக் கீழ் ஸ்வரங்களுக்குத்தான். மவுத்பீஸ் மாற்ற நினைப்பவர்கள் கடையில் மேல் ஸ்வரத்தை மட்டும் ஊதிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டாம். ட்யூனரை வைத்துக் கீழிருந்து மேல்வரை ஒரு ஸ்கேல், பிறகு மெதுவாக ஒரு நீண்ட கீழ் ஸ்வரம். அதிலும் தேறினால் வாங்குங்கள். முடிந்தால் பேண்டில் யாரிடமாவது ஒரு வாரத்துக்கு இரவல் கேளுங்கள். ஒவ்வொரு பேண்டு அறையிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய யாரும் தொடாத மவுத்பீஸ்கள் கிடக்கும். எங்கள் அறையிலும் இருந்தது, எனக்குத்தான் பிறகு தெரிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய செலவு எஃப் ட்யூபா. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மேல் பாகங்களுக்கு எஃப் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கடையில் பழைய வாத்தியம் ஒன்றை 2,800 பவுண்டுக்கு வாங்கினேன். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கும் அதில் போனது. கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: ‘இப்போது எதை ஊதுகிறீர்கள்?’ எல்லாவற்றிலும் பெரிய பிபி-ஃப்ளாட் ட்யூபா ஊதுகிறவர் எஃப்புக்குப் போனால் ஐந்து ஸ்வரத் தூரம் மேலே போகிறார், அது பெரிய லாபம். ஈ-ஃப்ளாட்டுக்கும் எஃப்புக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு முழு ஸ்வரம். குழாய் 13 அடியிலிருந்து 12 அடியாகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்வரத்துக்காக எனக்குப் பழகின விரல்கள் எல்லாம் இடம் மாறின. போதாததற்கு வால்வு கசிவு. ரிப்பேருக்கு 120 பவுண்ட், கடைசியில் 600 பவுண்ட் நஷ்டத்துக்கு விற்றேன். பழைய வாத்தியம் வாங்குபவர்கள் இதைச் செய்து பாருங்கள்: வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல வெளியே இழுங்கள், நாலைந்து நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘பொப்’ என்று சத்தம் வந்தால் காற்று புகாமல் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது. மேல் ஸ்வரங்களில் அந்தக் கசிவு உங்கள் உதட்டின் தலையில்தான் விடியும்.

கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உதடு கைவிட்டது. முதலில் மரத்துப்போன மாதிரி, பிறகு வீக்கம். மவுத்பீஸ் விளிம்பின் வட்டம் இரவு முழுக்க அழியாமல் இருந்தது. உள்பக்கம் பல் பதிந்த இடத்தில் புண். சாதாரண நடு ஜி ஊதினால்கூட ஒரு நொடி வெறும் காற்று ‘ஸ்ஸ்’ என்று போய், அதற்கப்புறம்தான் ஸ்வரம் வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எப்போதும் வந்துகொண்டிருந்தது வராமல் போனால் என்ன செய்வது? ஜி.பி. (குடும்ப டாக்டர்) பார்த்துவிட்டு உப்புத்தண்ணீரில் கொப்பளி, ஓய்வு எடு என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாத்தியக்காரர் உதடு அவருக்குப் புதிது. இசைக்காரர்கள், நடனக்காரர்களுக்கென்றே பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் மெடிசின் என்று ஓர் அமைப்பு இருப்பது பின்னால்தான் தெரிந்தது. இங்கே இருப்பவர்கள் அந்தப் பேரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோலோவை விட்டுக்கொடுத்தேன். யூஃபோனியம்காரர் வாசித்தார், நன்றாகவே வாசித்தார், நான் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பெந்தெகொஸ்தேக்குப் பிறகு வருகிற வெள்ளிக்கிழமையின் விட் ஃப்ரைடே அணிவகுப்புகளுக்கும் போகவில்லை. சாடில்வொர்த் கிராமங்களில் ஊர் ஊராய் இறங்கி மார்ச் வாசிக்கிற அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே வருஷம் முழுக்க ரிகர்சல் வருகிறவள் நான். அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன், வீட்டில் இருந்தால் அழுதிருப்பேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, “மக்ளே, உதட்டுக்கு ரெஸ்ட் குடுத்தியா? செண்டைக்காரனே இடையில கையை உதறிக்கிடுவான்” என்றார். அந்த 35 பவுண்ட் பாடங்களில் யாரும் சொல்லாத விஷயம் அது.

திரும்ப ஊத வைத்தது எங்கள் பேண்டில் பிபி-ஃப்ளாட் பேஸ் ஊதுகிற பெரியவர். கம்பளி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதிலிருந்து பேண்டில் இருக்கிறார். வீக்கம் முழுக்க வடிகிற வரை மவுத்பீஸைத் தொடவே விடவில்லை. அதன் பிறகும் முதலில் கீழ் ஸ்வரங்கள் மட்டும், மெல்லிய சத்தத்தில், ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் ஊதினால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும், கடிகாரத்தை அவரே பார்ப்பார். நான் டி பிடிக்கும் விதத்தை ஒரு நாள் பார்த்தவர், ட்யூபாவை ஸ்டாண்டில் நிறுத்தி, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊதச் சொன்னார். டாப் சி-கூட வரவில்லை. அதுவரை அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை, உதடு இல்லை. வாத்தியத்தை இழுத்து உதட்டோடு நசுக்கினால் உதடு மெலிந்து சுருதி ஏறும்தான், ஆனால் ரத்த ஓட்டம் நின்றுபோன தசை எத்தனை நிமிஷம் உழைக்கும்? இந்தச் சோதனையை இன்றைக்கே செய்து பாருங்கள், காசு செலவில்லை. கையில்லாமல் எந்த ஸ்வரம் வரை வருகிறதோ, அங்கிருந்து அரை அரை ஸ்வரமாக ஏறுங்கள்.

அவர் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்ல வராது, ஆனாலும் முயல்கிறேன். மேலே போகப் போகக் காற்றின் அளவைக் குறைக்க வேண்டும், வேகத்தை விடக்கூடாது. வாயோரங்கள் உறுதியாக நிற்க, நடுவே உதட்டு இடைவெளி சின்னதாக வேண்டும். நாக்கு, கீழ் ஸ்வரத்துக்கு ‘ஓ’ சொல்கிற இடத்தில் இருந்து ‘ஈ’ சொல்கிற இடத்துக்கு ஏற வேண்டும். சத்தத்தைக் கூட்டி மேலே ஏறுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். அதை முறிக்க எல்லா மேல் ஸ்வரங்களையும் மெல்லிய சத்தத்தில் பழக வைத்தார். மெதுவாய் வராத ஸ்வரம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினசரி வேலை என்பது விரலைத் தொடாமல் நடு சி, ஈ, ஜி, ஈ, சி என்று வழுக்கி ஏறி இறங்குவது, பிறகு இரண்டாவது வால்வில் அதையே அரை ஸ்வரம் கீழே. சலிப்பான வேலை. ஆனால் இலையுதிர்காலம் வருவதற்குள் டாப் சி எனக்கு ரிகர்சல் முடிவிலும் வந்தது. டி நல்ல நாளில் வரும், கெட்ட நாளில் வராது, இன்றைக்கும் அப்படித்தான்.

தொழில்முறைக்காரர்கள் இந்த எல்லையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் மனசு லேசானது. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ பியானோ இசையை பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். அதில் ‘பிட்லோ’ என்ற மாட்டுவண்டிப் பகுதியில் ட்யூபா சோலோ, நிஜ ஒலியில் மிடில் சி-க்கு மேலே ஜி-ஷார்ப் வரை ஏறும், நான் அழுத டாப் டி-யைவிட இன்னும் மேலே. ராவெல் மனதில் வைத்திருந்தது அன்றைய பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ராக்களில் இருந்த, யூஃபோனியத்தைவிடச் சற்றே சிறிய சி ட்யூபாவை. இன்றைக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலேயே பலர் அந்தப் பகுதிக்கு ட்யூபாவைக் கீழே வைத்துவிட்டு யூஃபோனியத்தை எடுக்கிறார்கள். யாரும் அதை மானக்கேடாக நினைப்பதில்லை. ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1954-ல் எழுதிய ட்யூபா கான்செர்ட்டோவுக்கும், ஈ-ஃப்ளாட்டிலேயே எவ்வளவு பாடலாம் என்று லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் காட்டிய ஜான் ஃப்ளெட்சருக்கும் நான் ரசிகைதான். ஆனால் அவர்கள் வாழ்க்கையே அது. வாரத்துக்கு மூன்று நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு அவர்கள் உதட்டை என்னிடம் எதிர்பார்த்தது யார் என்று கேட்டால், நான் உட்பட ஒருத்தரும் கேட்கவில்லை, அந்த நோட்டுக் காகிதம்தான் கேட்டது.

ஆகவே காகிதம் கைக்கு வந்ததும் பென்சிலை எடுங்கள். உங்கள் களைத்த உதட்டு எல்லைக்கு மேலே உள்ள ஸ்வரங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை பார் (தாளக் கட்டம்) ஓய்வு இருக்கிறது என்று பாருங்கள். நீளமான பத்திக்குப் பின் ஓய்வே இல்லாமல் வரும் டாப் சி, ஓய்வுக்குப் பின் வரும் டி-யைவிட மோசம். படிப்படியாக ஏறி வருகிறதா, ஒரே தாவலில் வருகிறதா என்பதையும் குறியுங்கள். பிறகு அந்தக் காகிதத்தோடு கண்டக்டரிடம் போங்கள். போன மாதம் அதே சோலோவை மறுபடி எடுத்தபோது நான் அப்படித்தான் போனேன். ‘இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?’ என்று கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே மாற்றி எழுதினார். டாப் டி கார்னெட்டுக்குப் போய்விட்டது, எனக்கு ஒரு ஆக்டேவ் கீழே அதே டி, அதற்கு முன் நான்கு பார் ஓய்வு. கச்சேரி டிசம்பரில்.